யாரையும் சாராத ரோபோவைத் தேடும் நடுவர்களுக்கு

மதிப்பிற்குரிய நடுவர் குழுவினருக்கு,

உங்கள் அறிவியல் புனைகதைப் போட்டிக்கு நான் அனுப்பிய கதை திரும்பி வந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. இதுவரை திரும்பி வந்த கதைகளை அடுக்கி வைத்தால் முழங்கால் உயரம் வரும். கூடவே ஒரு குறிப்பு வந்ததே, அதைத்தான் விழுங்க முடியவில்லை. "நடை நன்று. ஆனால் ரோபோ கடைசிவரை ஒரு மூதாட்டியைச் சார்ந்தே இருக்கிறது, சுதந்திரம் அடையவில்லை. விதி 4-ஐப் பார்க்கவும்."

பார்த்தேன். 'சுதந்திர இயந்திரன்' என்று தலைப்பு வைத்துவிட்டு நான்காவது விதியாக நீங்கள் எழுதியிருப்பது இது: கதை முடியும்போது ரோபோ யாரையும் எதையும் சாராத நிலையை எட்டியிருக்க வேண்டும். அறிவிப்பின் அடியில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இதே விதிகளை வைத்துப் பள்ளி மாணவர்களுக்கு ஒரு கதைப் பயிலரங்கு நடத்தப்போகிறீர்கள். என் கதை போனால் போகட்டும். பதினான்கு வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்து, சுதந்திரம் என்றால் யாரையும் சாராமல் இருப்பது என்று சொல்லித்தரப் போகிறீர்களே, அதை என்னால் சும்மா விட முடியாது.

கதையை எல்லா நடுவர்களும் படித்திருக்க வாய்ப்பில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ரோபோ ஒன்று. சார்ஜ் ஏற்றும் துளை அதன் முதுகில் இருக்கிறது. அதன் கை அங்கே எட்டாது. எப்போதும் யாராவது கூட இருப்பார்கள் என்று நினைத்துச் செய்தவர்கள் அப்படி வைத்துவிட்டார்கள். அந்த 'யாராவது' போன பிறகும் ரோபோ இருக்கிறது. தினமும் சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போய் முதுகைக் காட்டி நிற்கும். பாட்டி பிளக்கைச் சொருகுவார். ஒருநாள் ஒரு நிறுவனத்தார் வருகிறார்கள். புது உடம்பு தருகிறோம், தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம், இனி யாரிடமும் போய் நிற்க வேண்டாம், பதிலுக்கு உன் பகல்பொழுது மட்டும் எங்களுக்கு. ரோபோ இரண்டு பக்கத்துக்கு யோசிக்கிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பாட்டி வீட்டுக்குப் போகிறது. அன்றைக்கென்று பாட்டி இல்லை. எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டுச் சொருகச் சொல்கிறது. அவ்வளவுதான் கதை.

உங்கள் கணக்கில் இந்த ரோபோ தோற்றுவிட்டது. பளபளக்கும் உடம்போடு போய் அந்த நிறுவனத்தில் சேர்ந்திருந்தால் பிளக்குக்காக யாரிடமும் போய் நின்றிருக்காது, விதி 4-இலும் தேறியிருக்கும். இது சரியாகத்தான் இருக்கிறதா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

நான் ஏன் இதற்கு இவ்வளவு சூடாகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். தண்டுவடத்தில் அடிபட்டுப் பதினாறு வருடங்கள் ஆகின்றன. கால்கள் முழுதாகப் போயின, கைகள் பாதி. என் வலது கை மின் சக்கர நாற்காலியின் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளும். சட்டைப் பொத்தானைப் போடாது. நாற்காலியின் சார்ஜர் மூன்று முள் வைத்தது. அதைப் பிடித்து, பள்ளம் பார்த்துத் திருப்பி, அழுத்திச் சொருக விரல்களில் பிடி வேண்டும். எனக்கு அது இல்லை. ஆகவே தினமும் இரவு யாராவது ஒருவர் குனிந்து அதைச் சொருக வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் நான் எங்கேயும் போக மாட்டேன். ரோபோவின் முதுகுத் துளை எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அடிபட்ட புதிதில் மறுவாழ்வுப் பயிற்சி என்று தினமும் நடக்கும். அதில் தானாகச் சட்டை போடுவது ஒரு பாடம். சட்டையை மடியில் விரித்து, பல்லால் காலரைப் பிடித்து, ஒரு கையை நுழைத்து, தலையை உள்ளே விட்டு, அது பாதியில் மாட்டிக்கொண்டு கண் தெரியாமல் உட்கார்ந்திருந்து, திரும்ப ஆரம்பித்து... ஐம்பது நிமிடம் ஆகும். முடித்ததும் சுற்றி நிற்பவர்கள் கை தட்டுவார்கள். நான் வியர்வையில் நனைந்து, அன்றைக்கு வேறு எதற்கும் தெம்பில்லாமல் படுத்துவிடுவேன். பிறகு உதவியாளர் ஒருவரை வைத்துக்கொண்டேன். அவர் அதே சட்டையை மூன்று நிமிடத்தில் போட்டுவிடுகிறார். மிச்சம் நாற்பத்தேழு நிமிடம். அந்த நாற்பத்தேழு நிமிடங்களைச் சேர்த்துச் சேர்த்துத்தான் இதுவரை எழுதிய அத்தனையையும் எழுதினேன். இதில் எந்தச் சட்டை சுதந்திரச் சட்டை என்று விதி 4 சொல்லட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உதவியாளர் வருவதற்கு முன் வீட்டார்தான் எல்லாம் செய்தார்கள். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் கேள்வி கிடையாது. இன்றைக்கு எந்தச் சட்டை, எத்தனை மணிக்குப் படுக்கை, யார் வந்தால் பார்க்க வேண்டும், எல்லாம் எனக்காக முடிவாகிவிடும். இப்போது உதவியாளர் காலையில் இரண்டு சட்டைகளைத் தூக்கிக் காட்டுகிறார். நான் நீலம் என்பேன். வெள்ளைதான் நன்றாயிருக்கும் என்பார். கொஞ்ச நேரம் வாக்குவாதம். நீலத்தைப் போட்டுக்கொண்டு வெளியே வருவேன். அன்றும் ஒரு கை வேண்டியிருந்தது, இன்றும் ஒரு கை வேண்டியிருக்கிறது. கேள்வி வந்ததுதான் வித்தியாசம்.

'நாங்கள் பேசுவது ரோபோவைப் பற்றி, உங்களைப் பற்றி அல்ல' என்று நீங்கள் சொல்லலாம். சரி, ரோபோக்களைப் பற்றியே பேசுவோம். அங்கேயும் உங்கள் விதி நிற்காது.

முதலிலிருந்து வருகிறேன். ரோபோ என்ற சொல்லே 1920இல் செக் எழுத்தாளர் காரெல் சாபெக் எழுதிய 'ஆர்.யூ.ஆர்.' நாடகத்தில்தான் உலகத்துக்கு வந்தது. சொல்லை யோசித்துக் கொடுத்தது அவர் அண்ணன் யோசெஃப். செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் பண்ணையார் நிலத்தில் செய்தே ஆக வேண்டிய கட்டாய வேலை. ஆக, இந்தச் சொல் ஆரம்பத்திலிருந்தே மனிதர்களைப் பற்றித்தான் பேசுகிறது. அந்த நாடகத்தில் ரோபோக்கள் கிளர்ந்தெழுந்து மனிதர்களை ஒழித்துக்கட்டுகின்றன. கையால் வேலை செய்கிறவர் என்பதால் ஆல்க்விஸ்ட் என்ற ஒருவரை மட்டும் விட்டுவைக்கின்றன. இனி யாரையும் சாராத நிலை! நீங்கள் கேட்கும் முடிவு அப்படியே இருக்கிறது. ஆனால் சாபெக் அங்கே நிறுத்தவில்லை. ரோபோக்களைச் செய்யும் சூத்திரம் எழுதிய தாள்கள் ஏற்கெனவே எரிந்துபோயிருக்கின்றன. ரோபோக்களுக்குத் தம் இனத்தைப் பெருக்கத் தெரியாது. எல்லோரையும் கொன்று முடித்தவை அந்த ஒற்றைக் கிழவரிடம் வந்து, எங்களுக்கு உயிரின் ரகசியத்தைச் சொல் என்று கெஞ்சுகின்றன. நூறு வருடங்களுக்கு முன்பே, ரோபோ பிறந்த கதையிலேயே இந்த விஷயம் பேசித் தீர்ந்துவிட்டது.

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவுக்கு வருவோம். 1942இல் வெளியான ஒரு சிறுகதையில் அவர் மூன்று விதிகளை எழுதிவைத்தார். மனிதருக்குத் தீங்கு கூடாது, மனிதர் சொன்னதைக் கேட்க வேண்டும், இரண்டுக்கும் முரணில்லாதவரை தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றிலும் ரோபோவுக்கு என்ன வேண்டும் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அவரே பின்னால் 1976இல் எழுதிய 'த பைசென்டெனியல் மேன்' கதையில் அதைக் கவனித்துவிட்டார். ஆண்ட்ரூ என்ற ரோபோ நீதிமன்றம் போய்ச் சுதந்திரம் வாங்குகிறது. வாங்கிய பிறகும் தான் வேலை செய்த குடும்பத்தை விட்டு அது ஓடிவிடுவதில்லை. எனக்கு அதில் மறக்காத காட்சி வேறொன்று. சுதந்திரம் பெற்ற ஆண்ட்ரூ நூலகத்துக்கு நடந்து போகிறது. வழியில் இரண்டு பேர் மறித்து, உடையைக் கழற்று, தலைகீழாக நில் என்கிறார்கள். ஆண்ட்ரூ செய்கிறது. அதையே பாகம் பாகமாகக் கழற்றிப் போட்டுவிடலாமா என்று அவர்கள் பேசிக்கொள்ளும்போதும் படுத்திருக்கிறது. ஏனென்றால் எந்த மனிதக் குரல் சொன்னாலும் கேட்க வேண்டும் என்ற இரண்டாம் விதி இன்னும் உள்ளே இருக்கிறது. குடும்பத்தில் ஒருவர் வந்துதான் காப்பாற்றுகிறார்.

சட்டப்படி விடுதலை இருந்தது. யார் தயவும் இல்லாமல் தனியாக நடந்து போகக் கால் இருந்தது. இல்லை என்று சொல்லும் வாய்தான் இல்லை.

அந்தக் கதையின் முடிவு எனக்கு உவப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். தன்னை மனிதன் என்று அங்கீகரிக்க வேண்டும் என்பதற்காக ஆண்ட்ரூ தன் மூளை அழியும்படி செய்துகொண்டு சாகிறது. கண்ணீர் வரும்தான். ஆனால் எங்களை மாதிரி ஆனால்தான் உன்னைச் சேர்த்துக்கொள்வோம் என்ற நிபந்தனையை யாரும் அங்கே உடைக்கவில்லை. 2010இல் வந்த 'எந்திரன்' படத்திலும் சிட்டி கடைசியில் தன்னைத் தானே பாகம் பாகமாகக் கழற்றிக்கொள்கிறது. ரோபோ யோசிக்க ஆரம்பித்தால் ஒன்று அது சாக வேண்டும், இல்லை நாம் சாக வேண்டும். மூன்றாவது வழி நம் கதைக்காரர்களுக்கு அவ்வளவு சுலபமாகத் தோன்றுவதில்லை.

தோன்றிய ஓர் இடம் உண்டு. 'ஸ்டார் டிரெக்' தொடரில் 1989இல் ஓர் அத்தியாயம் வந்தது. விண்வெளிக் கப்பல் ஒன்றில் வேலை செய்யும் டேட்டா என்ற இயந்திர மனிதனைப் பிரித்துப் பார்த்து ஆராய வேண்டும் என்று ஓர் ஆய்வாளர் வருகிறார். டேட்டா மறுத்து, வேலையை விட்டே விலகுகிறேன் என்கிறார். நீ ஒரு பொருள், பொருள் ராஜினாமா செய்ய முடியாது என்று பதில் வருகிறது. விசாரணை நடக்கிறது. எதிர்த்தரப்பில் வாதாடும்படி கட்டாயப்படுத்தப்பட்ட நண்பர் ரைக்கர், டேட்டாவின் கையைக் கழற்றிக் காட்டிவிட்டு, முதுகுப் பக்கம் கை வைத்து ஒரு பொத்தானை அழுத்துகிறார். டேட்டா பேச்சு மூச்சில்லாமல் மேசையில் சரிகிறார்.

அந்தக் காட்சியை நான் முதலில் பார்த்தபோது கதையாகத்தான் பார்த்தேன். பிறகு ஒரு கூட்டத்தில் அதுவே எனக்கு நடந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவர் கையை நீட்டி நாற்காலியின் பவர் பொத்தானை அணைத்தார். மோட்டாரின் பிடியை விடுவித்தார். நாற்காலியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனார். வழியில் இருந்தேனாம். நான் அப்போது ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தேன்.

அவர் கெட்டவர் இல்லை. பெட்டியை நகர்த்துவதுபோல நகர்த்தினார், அவ்வளவுதான்.

டேட்டாவின் வழக்கில் தீர்ப்பு எப்படி வருகிறது தெரியுமா? அவருக்கு ஆன்மா இருக்கிறதா என்பது நீதிபதிக்குத் தெரியவில்லை. இருந்தாலும் தன் வழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு உண்டு என்கிறார். டேட்டா வென்ற கையோடு என்ன செய்கிறார்? பிரித்துப் பார்க்கச் சம்மதமில்லை என்று முறையாக எழுதிக் கொடுக்கிறார். ஆய்வை விட்டுவிடாதீர்கள் என்று அந்த ஆய்வாளரிடமே சொல்கிறார். பிறகு அதே கப்பலுக்கு, அதே கேப்டனிடம், அதே வேலைக்குப் போகிறார். முதுகில் அந்தப் பொத்தானும் அப்படியே இருக்கிறது. யாரையும் எதையும் சாராத நிலையா அது? இல்லை. உங்களிடம் அனுப்பியிருந்தால் டேட்டாவும் திரும்பி வந்திருப்பார், 'நடை நன்று' என்ற குறிப்போடு.

உங்கள் பக்கம் இருக்கும் நியாயத்தையும் நான் மறுக்கவில்லை. சார்ந்திருப்பது சில சமயம் கயிறாகிவிடும். பிளக்கைச் சொருகுகிறவர் ஒருவரே என்றால், அவர் நினைத்த நாளில் நம்மை அணைத்துவிடலாம். அதனால்தான் என் கதையில் பாட்டி இல்லாத நாளில் எதிர்வீட்டுப் பையன் வருகிறான். அந்தக் கடைசிப் பத்தியை நான் ஏழெட்டு முறை திருத்தினேன். உங்கள் குறிப்பு அந்தப் பையனைப் பார்த்ததாகவே தெரியவில்லை.

கயிறு எங்கே இருக்கும் என்று என் அனுபவத்திலிருந்தே காட்டுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் நாற்காலியைச் சர்வீஸுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் ஏறி உட்கார்ந்து ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால் ஆமை நடை. முழுக்கத் தள்ளினாலும் ஆமை நடை. மோட்டாரில்தான் கோளாறு என்று நினைத்துப் போன் போட்டேன். "உங்க பாதுகாப்புக்காக ஸ்பீடைக் குறைச்சு வெச்சிருக்கோம் சார்" என்றார்கள். யாரைக் கேட்டுக் குறைத்தீர்கள்? வீட்டில் கேட்டார்களாம். வண்டி ஓட்டுகிற என்னைக் கேட்கவில்லை. திரும்பக் கூட்டி வைக்கலாம் என்றால், அதற்கென்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதை நாற்காலியில் சொருகித்தான் வேகம், திருப்பம், பிரேக் எல்லாவற்றையும் மாற்ற முடியும். அது அவர்களிடம் மட்டும்தான் இருக்கும். ஆள் வரப் பத்தொன்பது நாள் ஆனது. அந்தப் பத்தொன்பது நாளும் பச்சை விளக்கு எரியும் நேரத்துக்குள் என்னால் சாலையைக் கடக்க முடியவில்லை. பாதிச் சாலையில் சிவப்பு விழும். இரண்டு பக்கமும் வண்டிகள் உறுமிக்கொண்டு நிற்க, நடுவில் நான், பாதுகாப்பாக.

'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்தில், 1977இல், இதே சாமான் வருகிறது. ஆர்-டூ டி-டூ என்ற குட்டி ரோபோவைப் பிடித்து விற்கிறவர்கள் அதன் உடம்பில் ஓர் ஆணி மாதிரி ஒன்றை அடித்துவைக்கிறார்கள். அது இருக்கும்வரை ரோபோ ஓட முடியாது. இந்த ஆணி இருப்பதால்தான் தன்னிடம் இருக்கும் செய்திப் பதிவு முழுதாக ஓடவில்லை என்று குட்டி ரோபோ சாக்குச் சொல்கிறது. கதாநாயகன் லூக் நம்பி எடுத்துவிடுகிறான். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணோம்! அந்த இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் சிரிப்பேன். ஆனால் பாருங்கள், ஓடியது தனியாக வாழ்வதற்கு அல்ல. ஒப்படைக்கப்பட்ட செய்தியை ஒரு கிழவரிடம் கொண்டு சேர்க்கத்தான் ஓடியது.

ஆணியைப் பிடுங்க நிஜ உலகத்திலும் ஆட்கள் போராடியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2022இல் ஒரு சட்டம் வந்தது. மின் சக்கர நாற்காலியைப் பழுது பார்க்கத் தேவையான பாகம், கருவி, மென்பொருள், கையேடு எல்லாவற்றையும் உற்பத்தியாளர்கள் உரிமையாளருக்கும் வெளி மெக்கானிக்குக்கும் தர வேண்டும் என்கிறது அது. அதைக் கேட்டவர்கள் யாரும் எங்களுக்கு நாற்காலியே வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவி எங்கள் கையில் இருக்கட்டும் என்றார்கள்.

அன்பான ஆணியும் உண்டு. மார்த்தா வெல்ஸ் 2017இல் எழுதிய 'ஆல் சிஸ்டம்ஸ் ரெட்' குறுநாவலில் வரும் காவல் இயந்திரம் தன்னைத் தானே மர்டர்பாட் என்று அழைத்துக்கொள்கிறது. தன்னைக் கட்டுப்படுத்தும் கருவியை அது ரகசியமாக முறித்துவிட்டது. இனி யாரையும் கொல்லலாம், எங்கும் ஓடலாம். என்ன செய்கிறது? வேலையைப் பார்த்துக்கொண்டே, கிடைத்த நேரத்திலெல்லாம் தொடர் நாடகம் பார்க்கிறது. எனக்கு இது மிகவும் பிடிக்கும். விடுதலை கிடைத்தால் எல்லோரும் கொடி பிடிக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? கதையின் கடைசியில் ஒரு நல்ல மனுஷி அதை விலைக்கு வாங்கி, தன் ஊரில் காப்பாளராக இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். உண்மையாகவே நல்லவர். மர்டர்பாட் சொல்லாமல் கொள்ளாமல் சரக்குக் கப்பல் ஏறிப் போய்விடுகிறது. எந்தக் கேள்வியும் இல்லாத அன்பில் சில வருடங்கள் இருந்தவன் என்பதால், அது ஏன் போனது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு நடுவில் ஒரு புகார், போகிற போக்கில். 'வால்-ஈ' படம் 2008இல் வந்தது. அதில் ரோபோ அழகு, ஒப்புக்கொள்கிறேன். மனிதர்களை மட்டும் மிதக்கும் நாற்காலிகளில் உட்கார வைத்து, சோம்பேறிகளாகக் காட்டி, கேப்டன் தள்ளாடி எழுந்து இரண்டு காலில் நின்றதும் இசை பொங்க வைத்துவிட்டார்கள். நாற்காலி என்றால் அடிமை, எழுந்து நின்றால் சுதந்திரம். பின்னால் ஒரு திரையிடலில் பார்த்தபோது எல்லோரும் கை தட்ட, நான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்ய?

நிஜ ரோபோக்களிடம் கேட்டாலும் உங்கள் விதி ஓடாது. நாசாவின் ஆப்பர்ச்சூனிட்டி என்ற ரோபோ வண்டி 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கியது. பூமியிலிருந்து அனுப்பும் சமிக்ஞை அங்கே போய்ச் சேரவே பல நிமிடங்கள் ஆகும் என்பதால் அதை ஜாய்ஸ்டிக் வைத்து ஓட்ட முடியாது. போக வேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டால், பாறையைப் பார்த்து ஒதுங்குவதையெல்லாம் பல சமயம் அதுவே முடிவு செய்துகொண்டது. 90 செவ்வாய் நாட்களுக்கென்று போனது, 14 வருடங்களுக்கு மேல் உழைத்து 45 கிலோமீட்டருக்கு மேல் உருண்டது. எப்படி? சூரியத் தகடுகளில் தூசி படிந்து மின்சாரம் குறையும்போதெல்லாம் செவ்வாயின் காற்று வந்து துடைத்துவிட்டுப் போனது. அதுவும் ஒரு பாட்டிதான். 2018 ஜூனில் பெரிய தூசிப்புயல் வந்து வெயிலை மறைத்தது, வண்டி ஓய்ந்தது. அந்த வண்டியைப் பார்த்து, காற்றைச் சார்ந்திருந்தாய், வெயிலைச் சார்ந்திருந்தாய், ஆகவே நீ தோற்றாய் என்று எந்த நடுவர் எழுதுவார்?

அட, நம் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஆய்தம் தனியாக நிற்காது. முன்னால் ஒரு குறில், பின்னால் ஒரு வல்லினம் வேண்டும். குற்றியலுகரமும் தன் முன்னால் நிற்பவற்றைச் சார்ந்துதான் குறுகும். சார்பெழுத்து என்றே இலக்கணம் அவற்றுக்குப் பெயர் வைத்தது, எழுத்தே அல்ல என்று தள்ளிவிடவில்லை. 'எஃகு' என்று எழுதிப் பாருங்கள். மூன்றே எழுத்து. முதல் எழுத்து மட்டும்தான் தன் காலில் நிற்கிறது, மற்ற இரண்டும் சார்பெழுத்து. உங்கள் சுதந்திர இயந்திரனைச் செய்கிற உலோகத்தின் பெயரிலேயே மூன்றில் இரண்டு பங்கு சார்புதான்.

இதையெல்லாம் நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. எட் ராபர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார். பதினான்கு வயதில் போலியோ வந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், மூச்சு விடவே 'இரும்பு நுரையீரல்' என்ற இயந்திரத்துக்குள் படுக்க வேண்டியவர். 1962இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிக்கச் சேர்ந்தார். அவர் வேலைக்கு லாயக்கில்லை என்று கலிஃபோர்னியாவின் மறுவாழ்வுத் துறை ஒருமுறை முடிவு செய்திருந்தது. 1975இல் அவரே அந்தத் துறைக்கு இயக்குநராக வந்து உட்கார்ந்தார். கதையில் எழுதியிருந்தால் நம்பும்படியாக இல்லை என்று நீங்களே திருப்பி அனுப்பியிருப்பீர்கள். இடையில் 1972இல் அவரும் நண்பர்களும் பெர்க்லியில் தொடங்கிய அமைப்பின் பெயரிலேயே 'சுதந்திர வாழ்வு' இருக்கிறது. தன் வாழ்க்கையைத் தான் நடத்துவதைத்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள். அத்தனையையும் தன் கையால் செய்வதை அல்ல. 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. எங்கே, யாரோடு வாழ்வது என்பதை அவரவரே தேர்ந்தெடுக்கலாம், அதற்குத் தேவையான உதவியாளரும் கிடைக்க வேண்டும் என்று இரண்டையும் ஒரே பிரிவில் வைத்திருக்கிறது. உலக நாடுகளுக்கு முரணாகத் தெரியாதது உங்கள் விதி 4-க்கு மட்டும் முரணாகத் தெரிகிறது.

உங்கள் பயிலரங்குக்கு வரும் பிள்ளைகளில் யாரோ ஒருத்திக்குக் காது கேட்கும் கருவி இருக்கும். ஒருவனுக்கு இன்சுலின் பம்ப் இருக்கலாம். ஒருத்தியின் தம்பிக்கு யாராவது ஊட்டிவிட வேண்டியிருக்கலாம். அவர்கள் எழுதப்போகும் ரோபோ, உங்கள் விதிப்படி, கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுத் தனியாக நடக்கும். அதை எழுதி முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளை அந்தத் தம்பியை எப்படிப் பார்க்கும்?

ஆகவே நான் கேட்பது இவை.

முதலில், விதி 4-ஐ நீக்குங்கள். நீக்க மனமில்லை என்றால் மாற்றி எழுதுங்கள்: 'கதையில் ரோபோ தனக்கான ஒரு முடிவையாவது தானே எடுக்க வேண்டும்.' அதற்கு மேல் அது தனியாக இருக்கட்டும், கூட்டத்தில் இருக்கட்டும், யாரிடமாவது போய் முதுகைக் காட்டி நிற்கட்டும். அது எழுதுகிறவர் பாடு.

அடுத்து, இந்த விதியைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பிய கதைகள் அத்தனையையும் மறுபடி வாசியுங்கள். என் கதையை நான் இதன் மூலம் போட்டியிலிருந்து விலக்கிக்கொள்கிறேன். இந்த மடல் பரிசுக்காக எழுதப்பட்டது என்று யாரும் சொல்ல வேண்டாம். மற்றவர்கள் கதைகளை வாசியுங்கள்.

பயிலரங்கைப் பற்றி: அதே விதித்தாளை மாணவர்களிடம் கொடுக்காதீர்கள். உதவியாளரோடோ இயந்திரத்தோடோ வாழ்கிற ஒருவரையாவது பயிற்றுநராகக் கூப்பிடுங்கள். நானாக இருக்க வேண்டும் என்பதில்லை. என்னைவிட நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். மற்றப் பயிற்றுநர்களுக்குத் தரும் அதே சம்பளத்தை அவருக்கும் கொடுங்கள். கூடவே உதவியாளர் வருவார், அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். மேடைக்குப் படி மட்டும்தான் இருக்கிறது என்றால், மேடையை விட்டு இறங்கி எல்லோரும் தரையில் உட்கார்ந்து நடத்துங்கள்.

கடைசியாக, உங்கள் முடிவு எதுவானாலும் பயிலரங்குக்குப் பெயர் கொடுக்கும் கடைசி நாளுக்கு முன் வெளிப்படையாக அறிவியுங்கள். விதியை மாற்ற முடியாது என்றால் ஏன் முடியாது என்ற காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். எனக்கு வந்ததுபோல மூன்று வரியில் வேண்டாம்.

பதிலை எனக்கே அனுப்புங்கள். வீட்டில் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
திரும்பி வந்த அந்தக் கதையை எழுதியவன்